டீபக்கர் உறைந்து நிற்பதற்கு டைம்அவுட் தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், டீபக்கரைக் (நிரலை ஆங்காங்கே நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) கொண்டு மென்பொருளில் பிழை தேடும் முறை பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளைத் தமிழ் நாளிதழ் எடுத்துக்கொண்டது வரவேற்கத்தக்கது. ஆனால், நிரல் ஒன்று புதிய ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் தனி இயக்கம்) உருவாக்கும்போது டீபக்கர் உறைந்துவிட்டால், அப்படிப் பிறக்கும் சைல்டு ப்ராசஸைப் பின்தொடரும் வசதியை அணைத்துவிடலாம் என்றும், அதுவும் உதவாவிட்டால் சில நொடிகளுக்கு டைம்அவுட் (அதற்குமேல் காத்திருக்காமல் விட்டுவிடும் காலக்கெடு) வைத்துக்கொள்ளலாம் என்றும் கட்டுரையாளர் போகிறபோக்கில் கூறியிருப்பதை ஏற்க இயலவில்லை. வேலையிடங்களில் அன்றாடம் சொல்லப்படும் அறிவுரைதான் இது; நோயை விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் மறைப்பது என்பதால் மறுக்க வேண்டியிருக்கிறது.

டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து, யாருமே நகர முடியாத நிலை) என்றதும், அது நேரத் தேவையானவையாகக் கல்லூரியில் படித்த நான்கு காஃப்மன் நிபந்தனைகள் பலருக்கும் நினைவுக்கு வரும். 1971இல் வெளியான ஆய்வுக்கட்டுரையை ஒட்டி வழங்கும் அந்த நான்கில் முக்கியமானது வட்டக் காத்திருப்பு: ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்க, அந்தச் சங்கிலி சுற்றிவந்து முதலாமவரிடமே முடிவது. டீபக்கர் நிரலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், உருவாக்கும் பேரண்ட் ப்ராசஸ், உருவாகும் சைல்டு ப்ராசஸ் என்ற இருவர் மட்டுமே இருந்த இடத்தில், காத்திருக்கும் மூன்றாவது ஆளாக அதுவும் வந்து சேர்கிறது. தனியாக ஓடும்போது தடையின்றி முடியும் நிரல், டீபக்கரின் கீழ் மட்டும் உறைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

லினக்ஸில் டீபக்கர்கள் பிட்ரேஸ் என்ற சிஸ்டம் காலை (இயங்குதளத்திடம் நிரல் வேலை கேட்கும் வழி) நம்பியே இயங்குகின்றன. ஒரு ப்ராசஸ் ஃபோர்க் செய்தால் (தன்னை நகலெடுத்துப் புதிய ப்ராசஸை உருவாக்கினால்) தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டீபக்கர் கேட்டிருந்தால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இரண்டு செய்திகளை அனுப்புகிறது: பேரண்ட் ஃபோர்க் செய்துவிட்டது என்பது ஒன்று, புதிதாகப் பிறந்த சைல்டு நின்றுவிட்டது என்பது மற்றொன்று. இவற்றில் எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அவசரமாக எழுதப்பட்ட டீபக்கர், பேரண்டின் செய்திதான் முதலில் வரும் என்று கருதிக்கொள்கிறது; சைல்டின் செய்தி முந்திக்கொண்டால், 'இந்த ப்ராசஸ் எண் எனக்குத் தெரியாதது' என்று அதை வாங்கி எறிந்துவிடுகிறது. பிறகு பேரண்டின் செய்தி வந்ததும், அந்தச் சைல்டு நிற்பதற்காக வெயிட்பிட்டில் (செய்திக்காகக் காத்திருக்கும் அழைப்பு) உட்கார்ந்துவிடுகிறது. ஏற்கெனவே பெற்றுக்கொண்ட செய்தி மீண்டும் வராது. சைல்டோ, டீபக்கர் 'ஓடு' என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறது. அறியாத எண்ணிலிருந்து வரும் செய்தியை எறியாமல் ஒரு பட்டியலில் குறித்துவைத்து, ஃபோர்க் செய்தி வந்தபின் இரண்டையும் பொருத்திக்கொள்வதே இதற்குரிய திருத்தம். ஜிடிபி என்ற டீபக்கரின் லினக்ஸ் பகுதி அப்படித்தான் செய்கிறது. இங்கே ஐந்து நொடி டைம்அவுட் வைத்தால் என்ன ஆகும்? டீபக்கர் விடுபட்டுவிடும், சைல்டு நின்ற இடத்திலேயே நிற்கும், இந்த வழு வேலைப்பளு மிகுந்த டெஸ்ட் சர்வரில் எப்போதாவது தலைகாட்டி, யாருடைய மடிக்கணினியிலும் திரும்ப வராமல், எல்லோரையும் அலைக்கழிக்கும்.

ஃபோர்க்கின் இன்னொரு வகையான விஃபோர்க் இதைவிடச் சிக்கலானது. சைல்டு எக்ஸெக் செய்யும் (வேறொரு நிரலை ஏற்றி ஓட்டத் தொடங்கும்) வரையிலோ முடியும் வரையிலோ, விஃபோர்க்கை அழைத்த த்ரெட்டைக் (ப்ராசஸுக்குள் ஓடும் ஒரு வேலையோட்டம்) கெர்னல் நிறுத்திவைக்கிறது. அதுவரை இருவரும் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். டீபக்கர் சைல்டை நிறுத்திவைத்துக்கொண்டு பேரண்டை மட்டும் ஓடச் சொன்னால், பேரண்டால் ஓரடிகூட நகர இயலாது. நிறுத்தச் சொன்னாலும் 'நின்றுவிட்டேன்' என்று பதில் தர அதனால் முடியாது. ஜிடிபி இந்நிலையைக் கண்டறிந்து, சைல்டை நிறுத்திவைத்துக்கொண்டு விஃபோர்க்கைக் கடந்து பேரண்டை ஓட்ட இயலாது என்று வெளிப்படையாக மறுத்து, சைல்டை விடுவிக்கும் டிடாச்-ஆன்-ஃபோர்க், இருவரையும் சேர்த்து ஓடவிடும் ஷெட்யூல்-மல்டிபிள் ஆகிய இரு செட்டிங்குகளை முயன்றுபார்க்கச் சொல்கிறது. உறைந்து நிற்பதைவிட இப்படி மறுத்துப் பேசுவது நூறு மடங்கு மேல் என்பேன். சைல்டை விடுவிக்கும் வழியிலும் ஒரு கண்ணி உண்டு. பகிர்ந்த மெமரியில் பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்த டீபக்கர் வைக்கும் குறி) இருந்தால், யாரும் கண்காணிக்காத சைல்டு அதில் இடறிச் செத்துவிடும் என்பதால், விஃபோர்க் முடியும் வரை பிரேக்பாயின்டுகளை அகற்றிவைக்க வேண்டும். நாங்கள் விஃபோர்க்கைத் தொடுவதே இல்லை என்பவர்களும் தப்ப முடியாது. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி, புதிய நிரலைத் தொடங்கும் போசிக்ஸ் ஸ்பானை 2016 முதல் இதே பாணியில்தான் உள்ளுக்குள் செயல்படுத்துகிறது.

பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் சந்திப்பது வேறு வகை. ஃபோர்க் செய்யும்போது அழைத்த த்ரெட் மட்டுமே சைல்டில் உயிரோடு இருக்கும். மற்ற த்ரெட்கள் பிடித்திருந்த பூட்டுகள் (ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் தொடாதபடி காப்பவை), திறப்பதற்கு ஆளில்லாமல், பூட்டிய நிலையிலேயே நகலாகும். மெமரி ஒதுக்கும் தன் மால்லாக்கின் பூட்டுகளை ஜிலிப்சி சரிசெய்துகொள்கிறது. பிற லைப்ரரிகளின் பூட்டுகளுக்கு அவற்றை எழுதியவர்களே பொறுப்பு. ஒரே த்ரெட்டில் ஓடும் என் நிரலுக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். நிரல் எழுதப் பயன்படும் எடிட்டரோடு பேசுவதற்காகப் பைத்தான் டீபக்கர் அந்த நிரலுக்குள்ளேயே சில த்ரெட்களைத் தொடங்கிவைக்கிறது என்பதுதான் கவலை! நிரலாளர் அறியாமலே நிரல் பல த்ரெட் கொண்டதாகிவிடுகிறது. பல த்ரெட் ஓடும்போது ஃபோர்க் செய்தால் பைத்தான் 3.12 எச்சரிக்கை தருகிறது. பைத்தானில் பல ப்ராசஸ்களை இயக்க உதவும் மல்டிப்ராசஸிங் தொகுப்பு, மேக்கில் 2019இல் வந்த 3.8 பதிப்பிலேயே ஃபோர்க்கை விட்டு, சைல்டைப் புதிதாகத் தொடங்கும் ஸ்பானுக்கு மாறிவிட்டது. லினக்ஸில் 2025இல் வந்த 3.14 பதிப்பில்தான், தனி சர்வர் ப்ராசஸ் வழியே ஃபோர்க் செய்யும் ஃபோர்க்சர்வருக்கு மாறியது. பழைய பதிப்பில் இருப்போர், ஸ்டார்ட் மெத்தடை (சைல்டைத் தொடங்கும் முறை) ஒரே வரியில் ஸ்பான் என்று மாற்றிப் பார்த்தால், உறைவுக்கு ஃபோர்க்தானா காரணம் என்பதை அறிய நல்ல தடயம் கிடைக்கும்.

பின்தொடரும் வசதியை அணைப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிழை பேரண்டில்தான் இருக்கிறது என்று உறுதியானால் அணைக்கலாம். சைல்டில் இருக்கும் பிழையைத் தேடுபவரிடம் அதைச் சொல்வதால் பயனில்லை.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவாரெனில், உறைந்த ப்ராசஸை உடனே கொன்றுவிடாமல் பார்ப்பது எப்படி என்பதை விளக்குமாறு வேண்டுகிறேன். வேறொரு டெர்மினலைத் திறந்து, ஓடும் ப்ராசஸ்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நிலை 'ட்ரேசிங் ஸ்டாப்' என்றிருந்தால் டீபக்கரின் உத்தரவுக்காக நிற்கிறது. ட்ரேசர்பிட் என்ற வரி, பிடித்துவைத்திருப்பது யார் என்பதையும் சொல்லும். பேரண்ட் 'டிஸ்க் ஸ்லீப்' என்று காட்டினால், வட்டில் கோளாறு என்று பதற வேண்டாம். விஃபோர்க்கில் காத்திருக்கும் ப்ராசஸும் அப்படித்தான் காட்டும். வெறும் 'ஸ்லீப்பிங்' என்று காட்டும் சைல்டு, ஃப்யூடெக்ஸில் (பூட்டுக்காகக் காத்திருக்க உதவும் கெர்னல் வசதி) காத்திருப்பது ஸ்டாக்கில் (நடப்பிலுள்ள அழைப்புகளின் அடுக்கு) தெரிந்தால், திறக்க ஆளில்லாத பூட்டைச் சந்தேகிக்கலாம். இந்த மூன்றையும் படங்களோடு வெளியிட்டால், இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளரான ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்