முரளிக்கு, ரிவெர்ப் பெடல் குறித்து

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பழைய ஆம்பைக் கொடுத்துவிட்டு ஆம்பின் ஒலியையும் மற்ற விளைவுகளையும் டிஜிட்டலாகத் தரும் எச்எக்ஸ் ஸ்டாம்ப் புராசஸருக்கு முழுக்க மாறிவிட்டாய் என்பதும், மூவராகச் சேர்ந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இங்கே நாங்களும் மெதுவான வாத்திய இசைத் துண்டுகள் சிலவற்றைப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். அவற்றில் ஸ்வரங்களைவிட, ஸ்வரங்களுக்கு இடையே நிற்கும் முழக்கத்துக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது. ஆகவே உன் கேள்வியை நான் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்த விஷயமாகவே எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுகிறேன்.

கிட்டாருக்கு முழக்கம் சேர்க்கும் ரிவெர்ப் பெடலாக ஸ்டிரைமன் பிக்ஸ்கை வாங்கலாமா, அதே நிறுவனத்தின் ப்ளூஸ்கை போதுமா, அல்லது பாஸ் ஆர்வி-6 ஒன்றை வாங்கிக்கொண்டு மிச்ச வேலையை ஸ்டாம்பிடமே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். மூன்றும் நல்ல பெடல்கள். எதை வாங்கினாலும் கெட்டுப்போக மாட்டாய். ஆனால் பெயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, அந்தப் பெடல் சிக்னல் பாதையில் எந்த இடத்தில் உட்காரப் போகிறது, ஸ்டாம்ப் தன் வேலைகளில் எதை அதனிடம் ஒப்படைக்கப் போகிறது என்ற இரண்டையும் நீ முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆம்புக்கு முன்னால் ரிவெர்ப் பெடலை வைத்து வாசிப்பவனுக்கு இந்தக் கேள்விகள் அவ்வளவு முக்கியமில்லை. புராசஸரோடு சேர்த்து வாசிப்பவனுக்கோ பெடலின் தரத்தைவிட அதன் இடம்தான் பலனை நிர்ணயிக்கிறது.

முதலில் ஸ்டாம்பிடம் உண்மையில் என்ன குறை என்று பார்ப்போம். அதன் சொந்த ரிவெர்ப்கள் மோசமானவை அல்ல. ரூம், ஸ்பிரிங் போன்ற சிறியவை தாராளமாகப் போதும். குறை மூன்று இடங்களில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒலி விளைவுகளை வைக்கும் இடங்களான பிளாக்குகள் 6 மட்டுமே இருந்த அந்தக் கருவியில் பின்னர் வந்த மென்பொருள் மேம்படுத்தலால் 8 ஆயின என்றாலும், ஆம்ப், கேபினெட், டிரைவ், கம்ப்ரெஸர், டிலே என்று அடுக்கிக்கொண்டே போகும்போது பெரிய ரிவெர்ப் ஒன்றைச் சேர்க்கும் அளவுக்குக் கணிப்புத் திறன் மிஞ்சுவதில்லை. அடுத்ததாக, வாசிக்கும்போதே ரிவெர்பின் நீளத்தைக் கையால் கூட்டிக் குறைக்க விரும்பினால் திரையில் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருக்கிறது. மூன்றாவது, நீ எழுதியிருந்த அந்தத் தொல்லை: முதல் பகுதியின் கடைசி ஸ்வரத்தைக் கார்வையோடு விட்டுவிட்டு சேமித்துவைத்த அடுத்த ஒலி அமைப்பான ப்ரீசெட்டுக்குக் காலை வைத்த நொடியில், அதுவரை நிறைந்திருந்த முழக்கம் சட்டென்று அறுந்துபோவது. ஒரே ப்ரீசெட்டுக்குள் அதன் உள்மாற்றங்களான ஸ்னாப்ஷாட்டுகளை மாற்றினால் இது நேராது. ப்ரீசெட்டையே மாற்றும்போது தவிர்க்க முடியாது.

இந்த மூன்றில் உன்னை அதிகம் வருத்துவது மூன்றாவதுதான் என்று உன் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அப்படியென்றால் ஒரு விஷயத்தை நீ தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பெடலை, ஒலியை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் ஸ்டாம்பின் சென்ட்-ரிட்டர்ன் லூப்பில் வைத்தால் இந்தப் பிரச்சினை பாதிதான் தீரும். ப்ரீசெட் மாறும் அந்தச் சிறு இடைவெளியில் ஸ்டாம்பின் வெளியீடே மௌனமாகிவிடுகிறது. பெடல் உள்ளுக்குள் தொடர்ந்து முழங்கிக்கொண்டிருந்தாலும் அந்த முழக்கம் வெளியே வருவதற்கு வழி இல்லை. புதிய ப்ரீசெட்டிலும் லூப் பிளாக் இருந்தால் இடைவெளி முடிந்ததும் முழக்கம் மீண்டும் கேட்கும். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இடைவெளியே தெரியாமல் இருக்க வேண்டுமானால் பெடல் ஸ்டாம்பின் அவுட்புட்டுக்குப் பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்க வேண்டும். அங்கே நின்றால் ஸ்டாம்ப் எத்தனை முறை வாயை மூடினாலும் பெடல் தான் வாங்கிக்கொண்ட ஒலியைத் தன் போக்கில் அடங்கவிடும். லூப் பிளாக்கும் ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வதால், கடைசியில் வைப்பதில் அந்த ஒரு பிளாக்கும் உனக்கு மிச்சமாகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. கடைசியில் நிற்கும் பெடலின் ஒலி ஸ்டாம்பின் ஹெட்போன் வழியாகக் கேட்காது. யூஎஸ்பி வழியாகக் கணினியில் பதிவு செய்யும்போதும் அதில் சேராது. இரவில் ஹெட்போனில் மட்டும் வாசிப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. நீ பெரும்பாலும் ஸ்பீக்கர் வழியாக, மற்ற இருவரோடு சேர்ந்து வாசிக்கிறாய் என்பதால் உனக்குக் கடைசி இடமே சரி என்று நினைக்கிறேன். பதிவு செய்யும் நாளில் மட்டும் பெடலை லூப்புக்கு மாற்றிக்கொள்; கேபிள்களைத் தயாராக வைத்திருந்தால் அது பெரிய வேலை இல்லை. ஸ்டாம்பின் சென்ட் ஒரே ஜாக்கில் இரண்டு சேனல்களையும் தருகிறது, ரிட்டர்ன் மட்டும் இடது வலது என்று தனித்தனி ஜாக்குகளாக இருக்கிறது. ஆகவே ஸ்டீரியோவில் அனுப்ப ஒரு ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் கட்டாயம் வேண்டும். சாதாரண மோனோ கேபிளைச் செருகிவிட்டு வலது பக்கம் ஏன் வரவில்லை என்று தேடுபவர்கள் ஏராளம்.

லூப்பில் வைக்கும் நாளுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பதிவுகளில் மிகப் பெரிய முன்னேற்றத்தைத் தந்தது இதுதான். பெடலை நேர்ப் பாதையில் வைத்தால் உன் கிட்டாரின் மூல ஒலி ஸ்டாம்பிலிருந்து ஒருமுறை அனலாகாக மாறி வெளியே போய், பெடலைக் கடந்து, மீண்டும் டிஜிட்டலாக மாறி உள்ளே வர வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாகப் பாதையை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மூல ஒலியை ஸ்டாம்புக்குள்ளேயே விட்டுவிட்டு, மற்றதில் லூப்பை வைத்து, பெடலை முழுக்க ரிவெர்ப் மட்டும் தரும்படி அமைத்துவிடு. மூல ஒலியை அடைத்துவிடும் இந்த வசதியைக் கில்-டிரை என்பார்கள். எல்லாப் பெடல்களிலும் இது இருக்காது, வாங்குமுன் உறுதிப்படுத்திக்கொள். இந்த அமைப்பில் சுற்றிவருவதால் உண்டாகும் சிறு தாமதம் ரிவெர்புக்கு மட்டும்தான்; ரிவெர்ப் எப்படியும் சற்றுத் தாமதித்துத்தான் வர வேண்டும் என்பதால் காதுக்கு அது தெரியாது. ஆனால் பெடலிலிருந்து மூல ஒலியும் கசிந்து வந்து உள்ளே இருக்கும் மூல ஒலியோடு கலந்தால் விளைவு மிக மோசமாக இருக்கும். இரண்டு மில்லிசெகண்ட் தாமதத்தில், இரண்டும் சம அளவில் இருந்தால், 250, 750, 1250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டார் குழாய்க்குள்ளிருந்து வருவது போலச் சூம்பிப்போகும். பல விளம்பரங்களில் மூல ஒலி அனலாகாகவே கடந்து செல்கிறது என்பதைப் பெரிய சிறப்பாகச் சொல்கிறார்கள். ஆம்போடு வாசிப்பவர்களுக்கு அது சிறப்புதான். ஏற்கெனவே டிஜிட்டலாக மாறிவிட்ட உன் ஒலிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, அதற்காக நீ எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இப்போது வேலைப் பிரிவினைக்கு வருகிறேன். பழைய ஃபெண்டர் ஆம்புகளில் ஸ்பிரிங் ரிவெர்ப் ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்தது. ஆகவே அந்த ஸ்பிரிங்கின் கரகரப்பை ஸ்பீக்கர் மழுக்கித்தான் நமக்குக் கொடுத்தது. நாம் பழகி விரும்பும் ஸ்பிரிங் ஒலி அந்த மழுங்கலோடு சேர்ந்ததுதான். பிளேட் ரிவெர்பின் கதை வேறு. 1957இல் ஜெர்மனியில் வந்த இஎம்டி 140, சுமார் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுள்ள மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரச் செய்த கருவி. இரும்புச் சட்டமும் பெட்டியுமாக ஏறத்தாழ 270 கிலோ எடை. அது ஒலிப்பதிவுக் கூடத்தில், மைக் ஒலியைப் பிடித்த பிறகு சேர்க்கப்பட்டது. ஆகவே புராசஸரில் ஸ்பிரிங்கை, ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் பிளாக்குக்கு முன்னும், பிளேட்டையும் பெரிய மண்டப முழக்கமான ஹாலையும் அதற்குப் பின்னும் வைப்பதுதான் இயல்பான ஒழுங்கு. உன் வெளிப் பெடல் கடைசியில் நிற்கும்போது கேபினெட்டுக்குப் பின்தான் வரப்போகிறது என்பதால், ஸ்பிரிங்கை ஸ்டாம்பிடமே விட்டுவிட்டு, பெடலிடம் பிளேட்டையும் நீண்ட ஹாலையும் ஒப்படைத்துவிடு. ஒரு பெடலின் ஸ்பிரிங் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்று பேசும் விமர்சனங்களை நீ தாண்டிப் போய்விடலாம்.

கேட்டுப் பார்க்கும் முறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடைகளில் எல்லோரும் பெரிய கார்டு ஒன்றை வாசித்து, முழக்கத்துக்கு மேல்ஸ்தாயி ஒளிர்வைச் சேர்க்கும் ஷிம்மரைத் திறந்துவிட்டு மயங்கிப்போகிறார்கள். அப்படிக் கேட்டால் எல்லாப் பெடலும் அழகாகத்தான் இருக்கும். ரிவெர்பின் பங்கைக் கூட்டும் மிக்ஸை முழுவதும் ஏற்றிவிட்டு, இடது உள்ளங்கையால் தந்திகளை அடக்கிக்கொண்டு, பிக்கால் ஒரே ஒரு தட்டு தட்டிப் பார். அந்த வறண்ட ‘டக்’ என்ற ஓசைக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதில்தான் பெடலின் குணம் தெரியும். நல்ல பிளேட்டில் முழக்கம் தொடக்கத்திலேயே அடர்த்தியாக எழுந்து சீராகத் தேயும். குறையுள்ளதில் தனித்தனித் துகள்களாக ‘டிர்ர்’ என்று படபடக்கும், அல்லது அடங்கும் கட்டத்தில் ஏதோ ஒரு சுருதி மட்டும் தகரத்தைத் தட்டியது போல எஞ்சி நிற்கும். பிறகு ஆறாவது தந்தியைத் திறந்து வாசி. அதன் 82 ஹெர்ட்ஸ் ஒலி ரிவெர்புக்குள் புகுந்தால் உங்கள் பேஸ் வாசிப்பவருக்கு நிற்க இடம் இருக்காது. ஆகவே தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கத் தனிக் குமிழ் உள்ளதா என்று பார். இறுதியாக, நீண்ட முழக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடலை அணைத்து, முழக்கம் தானாக அடங்குகிறதா, வெட்டுப்படுகிறதா என்று கேள். சில பெடல்களில் இதை ஒரு அமைப்பின் மூலம் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் தேர்வு ப்ளூஸ்கை. பிளேட், ரூம், ஸ்பிரிங் என்று மூன்றே வகைகள் (நீண்ட ஹாலுக்கு ரூமை நீட்டிக்கொள்ளலாம்), டிகே (முழக்கத்தின் நீளம்), மிக்ஸ், ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்கும் முன் விடும் இடைவெளி) ஆகியவற்றோடு தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனிக் குமிழ்கள், திரையே கிடையாது. திரையும் பக்கங்களும் உன்னிடம் ஸ்டாம்பில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன, உனக்கு இல்லாதது கைக்கு எட்டும் குமிழ்கள். பிக்ஸ்கையில் 12 வகை ரிவெர்ப்களும் 300 ப்ரீசெட்டுகளும் உண்டு. கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மிடி வழியில், ஸ்டாம்பின் மிடி அவுட்டிலிருந்து ஒரு கேபிள் போட்டால் ஒவ்வொரு ப்ரீசெட்டோடும் தனக்குரிய ரிவெர்பைத் தானே அழைத்துக்கொள்ளும். துண்டுக்குத் துண்டு முற்றிலும் வேறான முழக்கம் தேவைப்படுபவர்களுக்கு அது ஈடில்லாத கருவி. நீங்கள் மூவரும் வாசிப்பதைக் கேட்டவரையில், ஒரே மண்டபத்தில் நின்று வாசிப்பது போன்ற ஒருமைதான் உங்களுக்குப் பொருந்துகிறது. ஆர்வி-6 எட்டு வகைகளோடு, சிறிய உருவில், இரண்டு இன்புட் இரண்டு அவுட்புட்டோடு வருகிறது. பயணத்துக்கு அதையே சிபாரிசு செய்வேன். ஆனால் உயர்ந்த ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் தனித்தனியாக அடக்கும் குமிழ்கள் அதில் இல்லாதது பேஸோடு வாசிக்கும்போது குறையாகத் தெரியும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும்: டிஜிட்டல் பெடலையும் ஸ்டாம்பையும் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக இணைக்காதே, மெல்லிய கீச்சொலி கேட்கத் தொடங்கும். தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்புட் உள்ள பவர் சப்ளை வாங்கு. பெடல் கேட்கும் மில்லிஆம்பியர் அளவு அதில் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்.

பெடல் வந்ததும் டிகேயை நீங்கள் வாசிக்கும் காலப்பிரமாணத்தோடு ஒட்டி வை. நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் நாலு அடி கொண்ட ஒரு சுற்று மூன்று விநாடிகள். முழக்கம் அதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டால் அடுத்த கார்டோடு மோதாது. ப்ரீ-டிலேயை 20இலிருந்து 40 மில்லிசெகண்டுக்குள் வைத்துத் தொடங்கு. பிக் தந்தியைத் தொடும் ஓசை அப்போது ரிவெர்பில் மூழ்காமல் முன்னால் நிற்கும்.

உங்கள் ஸ்பீக்கர் அமைப்பு ஸ்டீரியோவா, மோனோவா என்று நீ எழுதவில்லை. மோனோவாக இருந்தால் பெடலின் ஒரு அவுட்புட்டை மட்டும் எடு. ஸ்டீரியோ ரிவெர்பின் இரு பக்கங்களையும் ஒன்றாகக் கலந்தால் முழக்கம் மெலிந்துபோக வாய்ப்புண்டு. இதையும், ஸ்டாம்பின் அவுட்புட்டை லைன் அளவில் வைத்திருக்கிறாயா, இன்ஸ்ட்ருமென்ட் அளவில் வைத்திருக்கிறாயா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. லைன் அளவில் இருந்தால், பெடலின் இன்புட் அந்த அளவைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு இணைப்பது நல்லது.

அன்புடன்,
ரகு