மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்றும் கேளுங்கள்

நீலகிரி மாவட்ட சுகாதாரத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைனிலிருந்து எழுதுகிறேன். 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு எங்கள் வாசலுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். மழையிலும் மேடேறி வருகிற அந்த அக்காமார் மீது எனக்கு அவ்வளவு மரியாதை. அவர்கள் கேட்கிற கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "மாதவிலக்கு எந்த வயசுல நின்னுச்சு?" சீக்கிரமே நின்ற பெண்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் கூடுதல்.

என் அம்மாவை யாரும் அப்படிக் கேட்கவில்லை. பெரும்பாடு (அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு) என்று 37 வயதில் கீழே ஒரு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள், கூடவே சினைப்பைகளையும் எடுத்தது பல வருடம் கழித்து டிஸ்சார்ஜ் சீட்டை நான் படித்தபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது. 51 வயதில் ஒரு காலை, கொழுந்து பறிக்கக் கிளம்பும்போது வாய் கோணி, பேச்சு குழறி, வலது கை தொங்கிவிட்டது. அது பக்கவாதம் என்று தெரியாமல், பனி பிடித்துவிட்டது என்று தைலம் தேய்த்தோம். நானும்தான் தேய்த்தேன். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகுதான் போட முடியும். நாங்கள் மலை இறங்கிச் சேர்வதற்குள் அந்த நேரம் போய்விட்டது.

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தக்குழாய்களை இளக்கமாக வைத்திருக்கும். அது குறைந்தால் கெட்ட கொழுப்பு கூடும், பிரஷரும் ஏறத் தொடங்கும். மாதவிலக்கு நிற்கும்போது அது குறைந்துவிடும். 50ஐ ஒட்டி நிற்பது இயற்கை. 45க்கு முன்னால், அதிலும் 40க்கு முன்னால் நின்றாலோ சினைப்பையை எடுத்தாலோ பக்கவாத அபாயம் கூடுகிறது. அமெரிக்க பக்கவாதச் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதை விசாரிக்கச் சொல்கிறது.

சரி, ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் போதாதா? 2002ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் கூடத்தான் செய்தது, ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவர்கள். சின்ன வயதிலேயே நின்றவர்களுக்குக் கணக்கு வேறு, அதை டாக்டர்தான் ஆளைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். அதற்கு முதலில் அவருக்கு விஷயம் தெரிய வேண்டுமே!

பிரஷர் எழுதும் அட்டையில் ஒரு வரி போதும். சீக்கிரமே நின்றவர்களுக்குப் பிரஷரையும் கொழுப்பையும் விடாமல் பாருங்கள். அப்புறம், சூப்பர்வைசர் நிற்கிற இடத்தில் வைத்துக் கேட்காதீர்கள், அடுப்படியில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். எங்கள் லைனிலேயே கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாலு பேர். தனக்குச் சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.