முளைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், உப்புத் தண்ணீரில் விதை முளைப்பைச் சோதிப்பது பற்றி வந்த கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். விதைக்கும் முன் நாலு விதையை நனைத்துப் பார்க்கும் பழக்கத்தை வாசகர்களிடம் கொண்டுபோனதற்கு முதலில் நன்றி. ஆனால் லிட்டருக்கு 6 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் முளைத்துவிட்டால் அந்த விதை உவர் நிலத்தைத் தாங்கும் என்று முடித்திருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. இதை நம்பி விதைப்பவர் முதல் வாரம் சந்தோஷப்படுவார். மூன்றாவது வாரம் நாற்றெல்லாம் நுனி கருகி நிற்பதைப் பார்த்து என்ன செய்வார்?

நான் உயிரியல் ஆசிரியை. ஆண்டுதோறும் மாணவர்களோடு இந்தச் சோதனையைச் செய்கிறேன். முதல் ஆண்டு பெட்ரி தட்டில் (ஆய்வகத்தில் பயன்படுத்தும் தட்டையான சிறு தட்டு) வடிதாள் விரித்து, தட்டுக்கு 25 பச்சைப்பயறு வைத்தோம். ஒரு தட்டுக்கு வெறும் தண்ணீர், மற்றவற்றுக்கு 25, 50, 100, 200 மில்லிமோல் உப்புக் கரைசல் (மில்லிமோல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு; 100 என்றால் லிட்டருக்குச் சுமார் 6 கிராம் உப்பு). மூடி போடவில்லை. தாள் காயக் காய அதே கரைசலையே ஊற்றி வந்தோம். ஐந்தாம் நாள் ஒரு மாணவி தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "மிஸ், இங்கே பொரபொரன்னு இருக்கு" என்றாள். விளிம்பு முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. பாதித் தண்ணீர் காய்ந்த தட்டில் அதே கரைசலை ஊற்றி நிரப்பினால் உப்பு ஒன்றரை மடங்கு. இன்னொரு முறை அப்படிச் செய்தால் இரண்டு மடங்கு. 50 என்று எழுதி ஒட்டிய தட்டில் உண்மையில் இருந்தது 100. அந்த ஆண்டு எடுத்த கணக்கு முழுவதையும் தூக்கிப் போட்டோம்.

உங்கள் கட்டுரையிலும் "தாள் காய்ந்தால் மறுபடி உப்புத் தண்ணீர் தெளிக்கவும்" என்றுதான் இருக்கிறது. தயவுசெய்து இதைத் திருத்துங்கள். தட்டை மூடி வைக்க வேண்டும். முதல் நாளே எடை போட்டுக்கொண்டு, குறைந்த எடைக்கு வாலைவடிநீரை (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளையும் கரைசலையும் புதிதாக மாற்ற வேண்டும்.

அடுத்தது, முளைக்காத விதையை எல்லாம் "இறந்தவை" என்று கட்டுரை எண்ணியிருப்பது. எனக்கு மிகவும் பிடித்த பாடமே இதில்தான் இருக்கிறது. உப்பு ஒரு விதையை இரண்டு வழியில் தடுக்கிறது. வெளியே உப்பு கூடும்போது விதைக்குள் தண்ணீர் நுழைவதே மந்தமாகிவிடும். சுற்றிலும் ஈரம் இருந்தும் விதை தாகத்தோடு கிடக்கும். இன்னொரு வழி, சோடியமும் குளோரைடும் உள்ளே புகுந்து நஞ்சாவது. எது நடந்தது என்று தெரிய ஓர் எளிய வழி உண்டு. பிறகு திருத்திச் செய்த சோதனையில் எட்டாம் நாள், 200 மில்லிமோல் தட்டில் முளைக்காமல் கிடந்தவற்றைக் கழுவி வெறும் தண்ணீரில் வைத்தோம். இரண்டே நாளில் அவற்றில் சில வெள்ளை முளை விட்டன. அவை சாகவில்லை, தண்ணீருக்காகக் காத்திருந்தன. மீதி அழுகிப் போயின. நல்ல தண்ணீர் ஒரு முறை பாய்ந்தால் எழும் விதைக்கும், எத்தனை முறை பாய்ந்தாலும் எழாத விதைக்கும் நிலத்தில் எவ்வளவு வித்தியாசம்! அதை எண்ணாமல் சோதனையை முடிப்பது சரியில்லை.

சரி, முளைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதே சோதனையில் எங்கள் 50 மில்லிமோல் தட்டில் முளைத்த எண்ணிக்கை வெறும் தண்ணீர்த் தட்டை ஒட்டியே இருந்தது. எண்ணி முடித்ததும் ஒரு மாணவன் "உப்பால ஒண்ணும் ஆகலை மிஸ்" என்று எழுதப் போனான். ஸ்கேலை எடுத்து வேரை அளக்கச் சொன்னேன். வேர் பாதி நீளம்தான். பக்க வேர்கள் அங்கொன்றும் இங்கொன்றும். முளைத்ததும் ஒரு நாள் தள்ளித்தான். எண்ணிக்கை மறைத்ததை எல்லாம் நீளமும் நாளும் காட்டிக்கொடுத்தன.

பயிருக்குப் பயிர் இது மாறவும் செய்யும். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கும். இளநாற்றிலும் பூக்கும் பருவத்திலும்தான் அடி வாங்கும். சர்க்கரைக் கிழங்கு (சர்க்கரை எடுக்கும் சுகர் பீட்; சர்க்கரைவள்ளி அல்ல) நேர் எதிர். வளர்ந்த பிறகு மண்ணின் மின் கடத்துதிறன் (உப்பு கூடக் கூட இது கூடும், அதனால் உப்பை அளக்க இதைத்தான் பார்க்கிறோம்) மீட்டருக்கு 7 டெசிசீமென்ஸ் வரை விளைச்சல் குறையாமல் நிற்கும். முளைக்கும் பருவத்தில் 3-ஐத் தாண்டினாலே திணறும். உங்கள் சோதனைப்படி நெல் பாஸ், சர்க்கரைக் கிழங்கு ஃபெயில். நிலத்தில் நடப்பதோ வேறு. அதனால் குறைந்தது மூன்று வாரமாவது தொட்டியில் நாற்றாக வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டியில் எந்த மண், எந்தத் தண்ணீர்? அவரவர் நிலத்து மண்ணும், அவரவர் பாய்ச்சும் தண்ணீரும்தான். சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. நிலத்து உவரில் சல்பேட், மக்னீசியம், கால்சியம் எல்லாம் கலந்திருக்கும். கால்சியம் இருந்தால் சோடியத்தின் கடுமை கொஞ்சம் தணியும். களர் மண்ணோ இன்னொரு வகைச் சிக்கல். அதில் சோடியம் மண்ணையே இறுக்கிவிடுவதால் முளை மேலே வர முடியாமல் உள்ளேயே மடங்கிப் போகும். கரைசல் ஊற்றிய தட்டில் இதைப் பார்க்கவே முடியாது.

மண் எடுக்கும் ஆழத்தையும் சொல்லியிருக்கலாம். வெயிலில் ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பு மேல்மண்ணில்தான் படிகிறது, விதையும் அங்கேதான் கிடக்கிறது. ஓர் அடி ஆழத்து மண்ணை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்தால் ஏமாந்துபோவோம். மேல் 5 சென்டிமீட்டரைத் தனியாக எடுக்க வேண்டும். பார் பிடித்து, சாலில் தண்ணீர் விடும் நிலத்தில் பாரின் உச்சியில்தான் உப்பு வந்து சேரும். உச்சியை விட்டு, சரிவில் விதை ஊன்றுவதே இதற்காகத்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரும் குழம்பும் இடம். 4 டெசிசீமென்ஸ் தாண்டினால் உவர் மண் என்ற அளவு, தண்ணீர் விட்டுக் குழைத்த நிறைகூழ் மண்ணிலிருந்து வடித்த சாற்றுக்கானது. ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலக்கி மீட்டரை வைத்தால் எண் பல மடங்கு குறைவாகவே காட்டும். அந்த எண்ணை அப்படியே 4-உடன் ஒப்பிட்டு, நம் மண் நல்ல மண் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் அட்டவணையில் இந்த இரண்டு வழிகளில் அளந்த எண்களும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன.

அந்த அட்டவணையைப் பிரித்து, தட்டை மூடுவது, வேரை அளப்பது, முளைக்காததை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்ப்பது ஆகிய மூன்றையும் சேர்த்து, அடுத்த விதைப்புப் பருவத்துக்கு முன்பே மறுபடி வெளியிடுங்கள். மாணவர்கள் நாள்வாரியாக வேர் நீளம் குறித்த நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்றால் படியெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை, உங்கள் வாசகி