மணியின் காலைக் காத்தவர்களுக்கு

அன்புள்ள எதிர்வீட்டு அக்காவுக்கும், மாடி வீட்டுத் தம்பிக்கும், கால்நடை மருத்துவர் அம்மாவுக்கும், அவருடைய உதவியாளருக்கும்,

எங்கள் நாய் மணியின் நகம் பிளந்து தொங்கிய அன்று நீங்கள் செய்த உதவிக்கு வாயால் சொன்ன நன்றி போதவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். ‘நகம்தானே’ என்று நினைக்கிறவர்களும் படிக்கட்டும். நாயின் நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் சதை இருக்கிறது. மேல் ஓடு பிளந்து அந்தச் சதை வெளியே வந்துவிட்டால், லேசாகத் தொட்டாலே துடித்துவிடும். ரத்தமும் பார்ப்பவர் பதறும் அளவுக்குக் கொட்டும்.

அக்கா, சுத்தமான துணியை மடித்து நகத்தின் மேல் அழுத்திப் பிடித்தீர்களே, அந்த நிதானம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. துணியை விலக்கிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை பரபரத்தது. “ஐந்து நிமிடமாவது எடுக்கவே கூடாது, உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும்” என்று தடுத்தீர்கள். அதற்குப் பிறகும் கசிந்தபோது, சோளமாவை (கார்ன்ஃப்ளார்) நகத்தின் நுனியில் அப்பி மறுபடி அழுத்தினீர்கள். ரத்தம் நின்றது.

தம்பி, மணியின் வாயை மென்மையான துணியால் தளர்வாகக் கட்டியது நீ. எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடித்துவிடும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. வாந்தி எடுக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டினாய்; வேலை முடிந்ததும் உடனே அவிழ்த்தாய். மணி உன் மடியில் நடுங்காமல் படுத்திருந்தான்.

மருத்துவர் அம்மா, தொலைபேசியில் நீங்கள் சொன்ன இரண்டு ‘வேண்டாம்’களுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தொங்கும் நகத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்றீர்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம் என்றீர்கள். ஐபுப்ரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும் என்று அந்த அவசரத்திலும் காரணத்தோடு விளக்கினீர்கள். நகம் வேர்வரை பிளந்திருந்ததால் மயக்கம் கொடுத்து, உடைந்த பகுதியை வெட்டி, சுத்தம் செய்து கட்டுப் போட்டீர்கள். விழித்திருக்கும்போது அதைச் செய்வது கொடுமை என்று நீங்கள் சொன்னதில் மணி மீதிருந்த அக்கறை தெரிந்தது.

உதவியாளர் ஐயா, கட்டைப் பராமரிக்கச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். இறுகினால் விரல் வீங்கும், நனைந்தால் புண் சீழ் பிடிக்கும், துர்நாற்றம் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டிவிட்டீர்கள். மணிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனால் புண் ஆறியது அதனால்தான்.

உடைந்தது முன்னங்காலின் உட்புறம், தரையைத் தொடாமல் மேலே நிற்கும் நகம். நடக்கும்போது தேயாததால் அது வளைந்து வளர்ந்து, எதிலாவது சிக்கிக்கொள்ளும். நாய் வளர்ப்பவர்கள் நகம் வெட்டும்போது அதையும் தேடிப் பார்த்து வெட்டுங்கள்.

மணி இப்போது நான்கு காலும் ஊன்றி ஓடுகிறான். புது நகம் அரும்பிவிட்டது. முழுதாக வளரச் சில மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உங்கள் நால்வருக்கும் என் வீட்டார் எல்லாருடைய வணக்கமும் நன்றியும்.

அன்புடன்,
மணியின் வீட்டார்