லேப் மீட்டரை பசங்க கையில குடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் இன்ஜினியரிங் காலேஜ் லேப்களுக்கு ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்து கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். கரண்ட வீணாக்காம கம்ப்யூட்டர பயன்படுத்தறத பத்தி கிரீன் கம்ப்யூட்டிங்னு பல காலேஜ்ல பாடமே இருக்கு, பசங்களும் நல்லா படிச்சு எழுதி பாஸ் பண்ணிடறாங்க, ஆனா அதே பசங்க உட்கார்ற லேப்ல ராத்திரி முழுக்க சிஸ்டம் ஓடுது, இத பார்க்கறப்ப மனசு ஆறவே மாட்டேங்குது.

போன மாசம் ஓஎம்ஆர் பக்கம் ஒரு காலேஜுக்கு காலையில எட்டு மணிக்கே போயிட்டேன். 60 சிஸ்டம் இருக்கற லேப், மானிட்டர் எல்லாம் இருட்டா இருக்கு, ஆனா சிபியு ஃபேன் சுத்திட்டே இருக்கு, பின்னாடி கை வெச்சா சூடு. ஸ்லீப் மோட ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க. ஒண்ணுல வாட் மீட்டர மாட்டிப் பார்த்தா சும்மா நிக்கறதுக்கே 40 வாட், ஸ்லீப்ல போட்டா 2, 3 வாட்தான் காட்டுது. சாயங்காலம் 5ல இருந்து காலை 8 வரைக்கும் 15 மணி நேரம், 60 சிஸ்டம், கணக்கு போட்டா ஒரு ராத்திரிக்கு 36 யூனிட் வருது, அதுவும் ஒரே லேப்புக்கு! ஏசி கதை தனி. 18ல வெச்சுட்டு பொண்ணுங்க துப்பட்டாவ போத்திக்கிட்டு கோடிங் பண்றாங்க. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇயே சொல்லுது.

யாரையும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, கரண்ட் பில் நேரா அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போயிடுது, ஹெச்ஓடிக்கே தன் லேப் எவ்வளவு இழுக்குதுன்னு தெரியாது, அப்புறம் பசங்களுக்கு எப்படித் தெரியும்?

பசங்க தொழில்முனைவோர் ஆகணும்னு காலேஜ்ல அதுக்குன்னே தனிப் பிரிவு வெச்சு கெஸ்ட் லெக்சர் எல்லாம் நடத்தறாங்க, வேணாம்னு சொல்லல. ஆனா சொந்த லேப்ப அளந்து, சிஸ்டம் தானா ஆஃப் ஆகற மாதிரி ஷட்டவுன் ஸ்கிரிப்ட் எழுதி, அடுத்த மாச ரீடிங்ல குறைச்சுக் காட்டற பையனுக்கு தொழில் கையிலயே வந்துடுது. அம்பத்தூர் எஸ்டேட்ல பட்டறை பட்டறையா போய் பாருங்க, கம்ப்ரஷர் பைப்ல காத்து லீக் ஆகிற சத்தம் ரோட்டுக்கே கேக்குது, காத்து லீக் ஆனா மோட்டார் சும்மா சும்மா ஓடும், பில்லு ஏறும். 2001 எனர்ஜி கன்சர்வேஷன் சட்டப்படி கரண்ட் அதிகமா இழுக்கற பெரிய தொழிற்சாலைங்களுக்குத்தான் கரண்ட் எங்க வீணாகுதுன்னு பார்க்கற எனர்ஜி ஆடிட் கட்டாயம், சின்ன பட்டறைக்கு யார் போறாங்க? அங்க ஒரு மீட்டரோட போய் நிக்கற பசங்களுக்கு வேலை இல்லாமலா போயிடும்.

இன்னொண்ணு, 2025 அக்டோபர்ல விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னதுல இருந்து நல்ல சிஸ்டத்தயெல்லாம் ஸ்கிராப்புக்குத் தள்றாங்க. வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ண போட்டு, விண்டோஸுக்குப் பதிலா, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் நம்ம சென்னையில உருவாக்கின பாஸ் (BOSS) மாதிரி ஏதாவது இலவச லினக்ஸ் ஏத்தினா ஃபர்ஸ்ட் இயர் பசங்களோட சி, பைத்தான் லேப்புக்கு அது தாராளமா போதும், அந்த வேலையையும் பசங்களே செய்யலாம்.

அந்த லேப் கரண்ட மட்டும் தனியா அளக்கற ஒரு சப் மீட்டர் போட்டு, வாராவாரம் ரீடிங்க கதவுல ஒட்டி, குறைச்சுக் காட்டற டீமுக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் மார்க் குடுங்கன்னு காலேஜ் நிர்வாகங்கள கேட்டுக்கறேன். அண்ணா பல்கலைக்கழகம் இத சிலபஸ்லயே சேர்த்தா இன்னும் நல்லது.

வாசகர், அம்பத்தூர், சென்னை