பள்ளி வாசலில் தொடங்கட்டும் சோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குமரி மாவட்டப் பள்ளிகளில் போதை எதிர்ப்பு உறுதிமொழியும் பேரணியும் நடைபெறுகின்றன. ஆனால், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும், பள்ளி விடும் நேரத்தில் அருகிலுள்ள கடைகளைச் சோதிப்பவரைக் காண்பது அரிது. சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதைப் பள்ளியருகே கடை நடத்தும் ஒவ்வொருவருக்கும் காவல்துறை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் போதைப்பொருள் சோதனை தேவைதான் (ஊடுவழிகளையும் சேர்த்துக் கண்காணித்தால்!). போதைப்பொருளுடன் பிடிபட்ட மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது, அவனை விற்பனையாளனிடமே ஒப்படைப்பதாகும். 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண் வழியாகவோ அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடமோ ஆலோசனை பெறச் செய்து, அவன் அதே வகுப்பில் படிப்பைத் தொடரத் தலைமையாசிரியர்கள் வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தந்தை, தக்கலை