வாவி கடக்கும் பாதைப் படகுத் தம்பிமாருக்கும், பிரதி எடுத்துத் தந்த நானாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்பான உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் கணவருக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான அரச மாதாந்தக் கொடுப்பனவு கிடைத்துவிட்டது. போன மாதம் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தபோது 10,000 ரூபாய் விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்து புத்தகத்தை அவருடைய மடியில் வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை இல்லை என்று சொல்லப்பட்ட பிறகு கிடைத்த காசு இது. நான் தனியாக நின்றிருந்தால் கிடைத்திருக்காது. உதவிய பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அவர் தேங்காய் பறிக்கிறவர். 2021இல் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பாம்பர்ஸ், குழாய், படுக்கைப் புண்ணுக்குக் கட்டும் துணி, கிளினிக் போய்வரும் செலவு என்று மாதம் ஓடியது. நான் கூலிக்குப் போனால் அவரைப் பார்க்க ஆளில்லை, போகாவிட்டால் அடுப்பு எரியாது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அதைத்தான் நம்பியிருந்தோம். தகுதி இல்லை என்று வாயால் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன், சரியான பதில் வரவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பி நடந்த தூரம் இன்னும் காலில் இருக்கிறது.

முதல் நன்றி எங்கள் ஊர் ஓய்வுபெற்ற மாஸ்டருக்கு. “பிள்ளை, வாயால் சொன்னதுக்கு நாங்க என்னத்தை மறுத்து எழுதிற? காரணத்தை எழுத்தில எடு” என்றார். மேன்முறையீட்டுக்கான தவணை போய்விடக்கூடாது என்று அன்றிரவே ஒரு பக்கத்தில் அதை எழுதித் தந்தார். விபரங்களைப் பிறகு சேர்ப்போம் என்றார். அவர் அவசரப்படுத்தியிருக்காவிட்டால் நான் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்திருப்பேன்.

காரணத்தை எழுத்தில் எடுக்கும் வழியைக் காட்டியது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்த அரச அலுவலகத்திலும் எழுத்தில் கேட்கலாமாம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லவும் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவளே கடிதத்தை எழுதி, என்னோடு வந்து, தகவல் அலுவலரிடம் கொடுத்து, பற்றுச்சீட்டையும் வாங்கித் தந்தாள். மகளே, பரீட்சை நேரத்தில் நீ செய்த காரியம் இது. மறக்க மாட்டேன்.

பதில் வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. எங்களிடம் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இருப்பதாகப் பதிந்திருந்தார்கள். அது கணவருடைய தம்பியின் வண்டி. அவருடைய வளவில் மழைக்கு நிறுத்த இடமில்லாமல் எங்கள் முற்றத்தில் நின்றது. இன்னொன்றும் இருந்தது: கணவர் தன் வேலையைத் தானே செய்வார் என்று குறித்திருந்தார்கள். விண்ணப்பத்துக்காகக் கணக்கெடுக்க வந்த அன்று அவரைக் கழுவி, சேட்டுப் போட்டு, திண்ணையில் கதிரையில் இருத்தியிருந்தேன். மடியில் சாரம் விரித்திருந்ததால் பார்த்தவருக்குச் சும்மா இருக்கிற ஆள் மாதிரித்தான் தெரிந்திருக்கும். அவரோடு யாரும் பேசவில்லை.

தம்பி மறுநாளே வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு வந்தார். கிராம உத்தியோகத்தர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்து உறுதிப்படுத்தி எழுதித் தந்தார். வைத்திய அறிக்கைதான் மிச்சம். அதற்காகக் களுவாஞ்சிகுடிக்குப் போக வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும், வாவியைக் கடப்பது சுகமுள்ளவருக்கே ஒரு வேலை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில்தான் போனோம். சக்கர நாற்காலியைப் பலகையில் ஏற்ற எனக்குப் பலம் போதவில்லை. “அக்கா, நீங்க விடுங்க, அண்ணனை நாங்க பார்த்துக்கொள்றம்” என்று இரண்டு தம்பிமார் நாற்காலியோடு தூக்கினார்கள். சில்லு உருளாமல் கல் வைத்தார்கள். கரை வரும்வரை ஒருவர் கைபிடியை விடவேயில்லை. அப்புறம் நாங்கள் போன மூன்று தடவையும் அப்படித்தான். தம்பிமாரே, உங்கள் பெயரைக் கேட்காமல் வந்தது என் பிழை.

ஆதார வைத்தியசாலையில் அந்த டொக்டர் பழைய அறிக்கையை வாசித்துவிட்டு, “இதில வருத்தத்தின் பெயர் மட்டும்தான் இருக்கு. இவரால என்ன ஏலாது என்று ஒரு வரிகூட இல்லையே” என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார்: எழுந்து நிற்க முடியாது, உதவியின்றிப் படுக்கையிலிருந்து இறங்க முடியாது, சிறுநீர் குழாய் வழியாக, நிலை நிரந்தரமானது. வெளியே அவ்வளவு நோயாளர் காத்திருந்தும் எங்களை அவசரப்படுத்தவில்லை. மேன்முறையீட்டைத் தூக்கி நிறுத்தியது அந்த ஒரு தாள்தான் என்று நான் நம்புகிறேன்.

கல்முனையில் பிரதி எடுத்த கடை நானா, என்ன அலுவல் என்று கேட்டறிந்து காசு வாங்க மறுத்தார். மழையில் நனையாமல் எல்லாவற்றையும் கோவையில் போட்டு, திகதி ஒழுங்கில் அடுக்கியும் தந்தார்.

மேன்முறையீட்டுக்காக வீடு பார்க்க வந்த உத்தியோகத்தர் அம்மாவுக்கும் சொல்ல வேண்டும். அவர் கேள்விகளை என்னிடம் கேட்கவில்லை. கணவருக்குப் பக்கத்தில் வாங்கை இழுத்துப் போட்டு இருந்து, “ஐயா, காலையில கண் முழிச்சா முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டார். “மனுசி எழும்பும் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பன்” என்றார் இவர். எழுதிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் பேனை கொஞ்ச நேரம் நின்றது. இத்தனை மாதத்தில் அவரிடமே கேட்டவர் நீங்கள்தான் அம்மா.

2024இல் 7,500 ஆக இருந்த தொகை 2025இல் 10,000 ஆனது. எல்லாச் செலவுக்கும் அது போதாது. ஆனாலும் முதல் மாதக் காசில் காற்று மெத்தைக்கு முற்பணம் கட்டிவிட்டேன்.

இதே அலைச்சலில் இருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். மாஸ்டர் எழுதிய கடிதம், தகவல் கேட்ட கடிதம், டொக்டரின் அறிக்கை எல்லாவற்றின் பிரதியும் நானா தந்த அதே கோவையில் அலுமாரியில் இருக்கிறது. பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன், வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.